தெரு பேர் போடலாமா? வீட்டுச் சாப்பாட்டு குரூப்பும் ஒரு கேள்வியும்



இன்னைக்கு தல வரலாறும் இல்லை, விரத முறையும் இல்லை. சோத்தைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்ச நாளா மனசை அரிச்சிட்டு இருக்கிற ஒரு விஷயம். படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க. திட்டணும்னு தோணினாலும் திட்டுங்க, பரவாயில்லை.

எனக்கு ஊர் செட்டியார்பட்டி. விருதுநகர் மாவட்டம், ராஜபாளையத்துக்குத் தெற்கே. பக்கத்துலயே தளவாய்புரம். நைட்டி தைக்கிறதுக்குப் பேர் போன ஊர். எங்க பக்கம் தெருவுக்கு நாலு வீட்டுலயாவது தையல் மிஷின் சத்தம் கேக்கும்.

என் கூட்டாளி ஒருத்தன் பெங்களூர்ல ஐடி வேலையில இருந்துட்டு ஊரோட வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருக்கல. "மாப்ள, நம்ம ஊர்ல நல்லா சமைக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க எத்தனை பேர்? வெளியூர்ல இருந்து வந்து மில்லுல, ஸ்கூல்ல, பேங்க்ல வேலை பாத்துட்டு ஓட்டல் சாப்பாட்டுல வயிறு கெட்டுக் கிடக்கிறவங்க எத்தனை பேர்? பிள்ளைங்க எல்லாம் சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்க, ஒத்தையில கஞ்சி வச்சுக் குடிக்கிற பெரியவங்க எத்தனை பேர்? ரெண்டு பக்கத்தையும் சேர்த்து விட்டா என்ன?"ன்னு கேட்டான்.

நல்ல யோசனைதானே? முதல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப். ஓடுச்சுன்னா அப்புறம் ஆப். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள ஆர்டர் சொல்லணும், மறுநாள் மதியம் போய் வாங்கிக்கணும், ஜிபேல காசு. எட்டு வீடு சேர்ந்தாங்க. கணக்கு எழுதுற வேலை எனக்கு.

இதுல இவ்வளவு பெரிய கேள்வி ஒளிஞ்சிருக்கும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது.

*சோத்த விக்கலாமா?*

முதல் கேள்வி எங்க ஆச்சிகிட்ட இருந்து வந்துச்சு. எங்க அம்மாவும் அந்த எட்டு பேர்ல ஒருத்தங்க. ஆச்சி காதுல விழுந்ததும் வெத்தலையைத் துப்பிட்டு ஒரே வார்த்தை: "சோத்த வித்துத் திங்கிற அளவுக்கு வந்தாச்சா நம்ம வீடு?"

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா ஆச்சி சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல தண்ணியும் சோறும் விலை பேசற பொருளா இருந்ததில்லைன்னுதான் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். வழிப்போக்கனுக்கு சத்திரம், நடந்து வர்றவனுக்கு தண்ணீர்ப் பந்தல். வள்ளுவர் விருந்தோம்பலுக்குன்னு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். வள்ளலாரை எடுத்துக்கோங்க. சின்ன வயசுல சென்னை கந்தகோட்டத்து முருகன் முன்னாடி நின்னு பாடினவர். அவரே 1867 மே 23-ல் வடலூர்ல தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையாம எரியுது. நம்ம திருச்செந்தூர்லயும் 2021-ல இருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. இப்படி ஒரு வழியில வந்துட்டு, ஒரு சாப்பாடு 70 ரூபாய்னு குரூப்ல போடுறது தப்பு இல்லையா?

நான் ரொம்ப யோசிச்சேன். அப்போ பழைய பம்பாய் கதை ஒண்ணு எனக்கு உதவுச்சு.

பம்பாய் பஞ்சாலைகள்ல வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்டாட்டி பிள்ளைகளை கொங்கண், சாத்தாரா கிராமங்கள்ல விட்டுட்டு வந்த ஆம்பளைங்க. ஒரு ரூம்ல பத்துப் பேர், இருபது பேர் தங்கி, ஷிப்ட் மாத்தி ஷிப்ட் தூங்குவாங்க. இவங்களுக்கு சோறு போட்டது அந்தப் பகுதிப் பெண்கள். தங்கள் ஒத்தை ரூம் வீட்டுலயே அடுப்பு மூட்டி ரெண்டு வேளையும் சமைச்சுப் போடுவாங்க. 'கானாவளி'ன்னு பேரு. காசு மாசக் கடைசியில, சம்பளம் வந்த பிறகுதான். அது வரைக்கும் அரிசி, மாவு, எண்ணெய் எல்லாம் அந்தப் பொம்பளைங்க கடன்லதான். பாத்திரத்தையும் தாலியையும் அடகு வச்சு, வட்டிக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு சமைச்சாங்க.

1975-ல தொழிற்சங்கத்துல வேலை செஞ்ச பிரேமா புரவ் அப்படிப்பட்ட 14 பெண்களைச் சேர்த்து 'அன்னபூர்ணா மகிளா மண்டல்'னு ஒரு சங்கம் தொடங்கினாங்க. அதன் வழியா அந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைச்சுது. வட்டிக்காரன் பிடி தளர்ந்துச்சு. பின்னாடி 1982 ஜனவரி 18-ல பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கினப்போ ரெண்டு லட்சத்துக்கும் மேல தொழிலாளிங்க வெளிய வந்தாங்க. அவங்களுக்கு சம்பளம் நின்னா, அவங்களுக்குச் சமைச்சுப் போட்டவங்க அடுப்பும் ஆட்டம் காணும்ல?

இப்போ சொல்லுங்க, அந்தப் பொம்பளைங்க செஞ்சது வியாபாரமா, தர்மமா?

என் புத்திக்கு எட்டினது இதுதான். அன்னதானம் செய்யணும்னா முதல்ல கையில இருக்கணும். நெல்லு இருக்கிறவன் நெல்லு குடுப்பான், காசு இருக்கிறவன் காசு குடுப்பான். கைப்பக்குவம் மட்டுமே இருக்கிற ஒரு அம்மா என்ன குடுக்க முடியும்? ஒருநாள் குடுக்கலாம், ரெண்டு நாள் குடுக்கலாம். மூணாம் நாள் அவங்க வீட்டு அடுப்பே எரியாது. நியாயமான விலை வாங்கினா நாளைக்கும் சமைக்கலாம், நாளன்னைக்கும் சமைக்கலாம். விலைங்கிறது அந்த அடுப்பை அணைய விடாம வைக்கிற விறகு மாதிரி.

அதோட இன்னொண்ணு. தானம் வாங்கறவனுக்கு மனசுல ஒரு மூலையில கூச்சம் இருக்கும். ஒத்தையில இருக்கிற ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்க மாட்டார். 70 ரூபா குடுத்து தலை நிமிர்ந்து வாங்கிப் போவார். அவர் மரியாதையும் காப்பாத்தப்படுது, சமைச்சவங்க மரியாதையும் காப்பாத்தப்படுது.

அப்போ பாவம் எங்க இருக்கு? அளவைக் குறைக்கிறதுல இருக்கு. நேத்து மிஞ்சினதை இன்னைக்குச் சூடு பண்ணிப் போடறதுல இருக்கு. காசு இல்லாம வாசல்ல நிக்கிறவனைக் கண்டும் காணாம இருக்கிறதுல இருக்கு. அதனால குரூப்ல ஒரு பழக்கம் வச்சோம். எந்த வீடா இருந்தாலும் பத்து சாப்பாடு போனா பதினொண்ணாவது முருகன் கணக்கு. அது பஸ் ஸ்டாண்டுல பசியோட இருக்கிற யாருக்காவது போகும். இதைச் சொன்னதும் ஆச்சி வேற எதுவும் பேசல. "பொட்டலத்தைக் காந்தாம கட்டச் சொல்லு"ன்னு மட்டும் சொல்லுச்சு.

சரி, முதல் கேள்வி முடிஞ்சுது. ரெண்டாவதுதான் என்னைத் தூங்க விடாம பண்ணினது.

*ஒரு வாரம் ஓடின ஆர்டர் ஏன் நின்னுச்சு?*

எட்டு பேர்ல ஒரு அக்கா. பேர் வேண்டாம், தெரு பேரும் வேண்டாம். ஊர்ல 'அந்தப் பக்கம்'னு கையை மட்டும் காட்டிப் பேசுவாங்களே, அந்தத் தெரு. உங்க ஊர்லயும் அப்படி ஒரு தெரு இருக்கும்.

அக்கா கைப்பக்குவம் எனக்கு முன்னாடியே தெரியும். தைப்பூசத்துக்கு பச்சை வேட்டி கட்டி திருச்செந்தூருக்கு பாதயாத்திரை போறப்போ, வழியில ஒரு பந்தல்ல சமைக்கிற கூட்டத்துல அவங்களும் இருந்தாங்க. வெயில்ல நடந்து கால் கொப்பளிச்சுப் போய் உட்கார்ந்தா, சுடச்சுட சாம்பார் சாதம், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. எங்க ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் மண் தரையில உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் போடும்மா, சாமி"ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் கண்ணால பார்த்தேன். மாலை போட்டவங்களுக்கு எல்லாரும் 'சாமி'தான். யார் சமைச்சான்னு ஒருத்தரும் கேக்கல.

குரூப்ல முதல் வாரம் தெரு விவரம் எதுவும் போடல. கூட்டாளியே பைக்ல போய் வாங்கிக் குடுத்தான். அக்காவுக்கு அந்த வாரம் இருபதுக்கு மேல ஆர்டர். "அந்தப் புளிக்குழம்பு யார் வீட்டுது? அருமை"ன்னு மெசேஜ் வந்துச்சு.

ரெண்டாவது வாரம் பைக் செலவு கட்டுப்படியாகல. அவங்கவங்களே போய் வாங்கிக்கட்டும்னு எட்டு வீட்டு முகவரியையும் குரூப்ல போட்டோம்.

அக்காவுக்கு ஆர்டர் நின்னு போச்சு.

சண்டை இல்லை. யாரும் ஒரு தப்பான வார்த்தை பேசல. அதுதான் இதுல கொடுமை. ஒருத்தர் "தூரமா இருக்கு"ன்னார். அவர் ஆர்டர் போட்ட இன்னொரு வீடு அதைவிட தூரம். இன்னொருத்தர் "வீட்டுல பெரியவங்க இருக்காங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு எனக்குத் தனியா மெசேஜ் போட்டார். பாக்கி பேர் எதுவுமே சொல்லல. வேற வீட்டுக்கு மாறிட்டாங்க.

கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆர்டர் பண்ணினவங்க பேர் வரிசையில என் பேரும் இருந்துச்சு. அந்த ரெண்டு வாரத்துல நான் மூணு தடவை வெளிய வாங்கியிருக்கேன். மூணும் வேற வீட்டுல. 'பக்கத்துல இருக்கு, அதான்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். பாதயாத்திரையில ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். ஊருக்குள்ள வந்ததும் என் கால் தானா வேற பக்கம் திரும்பிருக்கு. மத்தவங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

*மறைச்சு வித்தா என்ன?*

கூட்டாளி உடனே ஒரு வழி சொன்னான். "அக்கா முகவரியை மட்டும் எடுத்துருவோம். நானே வாங்கிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குடுக்கிறேன். பழையபடி ஆர்டர் வரும்." எனக்கும் சரின்னு பட்டுச்சு. நல்லது செய்யறோம்னு ஒரு பெருமை வேற. ரெண்டு பேரும் போய் அக்காகிட்ட சொன்னோம்.

அக்கா மாவு ஆட்டிட்டு இருந்தாங்க. கையைத் துடைச்சிட்டு நிதானமா கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "வேண்டாம் தம்பி. மத்த ஏழு வீட்டுக்கும் விலாசம் இருக்கும், எனக்கு மட்டும் இருக்காது. அதுலயே தெரிஞ்சு போகுமே. நாளைக்கு ஒருத்தன், 'எங்களை ஏமாத்தி இவ சோத்தைத் திங்க வச்சுட்டானுங்க'ன்னு சொல்லுவான். நான் சமைச்சதுல என்ன தம்பி ஏமாத்து இருக்கு? களவாண்ட பொருளா ஒளிச்சு விக்கிறதுக்கு?"

எங்க ரெண்டு பேருக்கும் வாயடைச்சுப் போச்சு.

அவங்க சொன்னதை நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு மட்டும் மறைக்கிறது உதவி மாதிரி தெரியும். ஆனா 'உன் தெரு மறைக்க வேண்டிய ஒண்ணு'ன்னு நாமளும் சேர்ந்து முத்திரை குத்துற மாதிரி ஆயிடும். ஒதுக்கினவன் சொன்னதையே நாம மென்மையா சொல்றோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போ எல்லா முகவரியையும் வெளிப்படையா போட்டு, 'நாங்க நேர்மையா இருக்கோம், வாங்கினா வாங்குங்க'ன்னு விட்டுடலாமா? அதுல நம்ம மனசாட்சி சுத்தமா இருக்கும். அக்கா அடுப்பு அணைஞ்சு போகும். நம்ம நேர்மைக்கு விலை அவங்க தலையில.

*எதைக் கேக்கலாம், எதைக் கேக்கக் கூடாது?*

இங்கதான் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஞாபகம் வந்துச்சு. சிரிக்காதீங்க.

பால் சங்கத்துக்கு காலையில எத்தனை வீட்டுல இருந்து பால் வருது? எல்லாத் தெருவுல இருந்தும் வருது. எல்லாம் ஒரே கேன்ல ஊத்தறாங்க. சங்கத்துல என்ன அளக்கறாங்க? கொழுப்பு எவ்வளவு, தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கறாங்க. யார் வீட்டு மாடுன்னு அளக்கறதுக்கு அங்க கருவி கிடையாது. அந்தப் பாலைக் கிண்டின கோவாவை ஆண்டாள் கோயிலுக்கு வர்றவங்க எல்லாரும் வாங்கிச் சாப்பிடறோம்.

எங்க ஊர் நைட்டி அதே மாதிரிதான். வெட்டறது ஒரு வீடு, தைக்கிறது ஒரு வீடு, பட்டன் வைக்கிறது இன்னொரு வீடு. உடம்போட ஒட்டி உடுத்துற துணி. யார் தைச்சான்னு ஒருத்தராவது கேட்டதுண்டா? சோறுன்னு வந்தா மட்டும் ஏன் தெரு கேக்குது?

"சோறு வயித்துக்குள்ள போகுதே, தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு, நிச்சயமா இருக்கு. என்ன அரிசி, என்ன எண்ணெய், எப்போ சமைச்சது, சமையல்கட்டு சுத்தமா, தண்ணி எங்கிருந்து வருது, கறி சமைக்கிற பாத்திரமா, சைவம் மட்டுமா - சஷ்டி விரதம் இருக்கிறவன் இதைக் கேக்கத்தான் வேணும். கடலை ஒத்துக்காதவன் என்ன எண்ணெய்னு கேக்கத்தான் வேணும். இதெல்லாம் வயித்துக்குள்ள போற விஷயம்.

சட்டமும் அதைத்தான் கேக்குது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2011-ல விதிகள் வந்துச்சு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள்ள விற்பனை இருக்கிற சின்ன உணவுத் தொழிலும் 100 ரூபாய் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யணும்னு அது சொல்லுச்சு. வீட்டுல சமைச்சு விக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவுல கலிபோர்னியாவுல இதே மாதிரி வீட்டுச் சாப்பாட்டை அக்கம்பக்கத்துக்கு விக்க உதவின 'ஜோசபின்'னு ஒரு நிறுவனம் இருந்துச்சு. வீட்டு அடுப்புல சமைச்சு விக்க அங்க சட்டம் இடம் குடுக்கல. 2018-ல அதை மூடிட்டாங்க. அதே வருஷம் அந்த மாநிலத்துல புதுச் சட்டம் வந்துச்சு. ஒரு நாளைக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60 சாப்பாடு வரைக்கும் வீட்டுலயே சமைச்சு விக்கலாம், சமையல்கட்டை அதிகாரி வந்து பார்க்கணும்னு சொல்லுச்சு. அங்கயும் கேள்வி சமையல்கட்டைப் பத்திதான்.

ஆனா பிறப்பு வயித்துக்குள்ள போறதில்லையே? அது குழம்புல கரையாது, சோத்துல ஒட்டாது. அதைக் கேக்கிறவன் சோத்தைப் பத்திக் கேக்கல, ஆளைப் பத்திக் கேக்கிறான். கேக்க உரிமை இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கிறது பொய் ஆகாதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா அந்த மௌனம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். ஒருத்தருக்கு மட்டும்னா ஒளிக்கிறது. எல்லாருக்கும்னா அது விதி.

அப்படித்தான் முடிவு பண்ணினோம். எட்டு வீட்டு முகவரியையும் எடுத்தோம். எங்க அம்மா முகவரியையும் சேர்த்துத்தான். எல்லாச் சாப்பாடும் ஒரே இடத்துக்கு வரும், அங்கிருந்துதான் வாங்கணும். ஒவ்வொரு பொட்டலத்துலயும் பதிவு எண், சமைச்ச நேரம், சைவமா அசைவமாங்கிறது இருக்கும். ஏதாவது கோளாறுன்னா எந்த வீடுன்னு எங்க நோட்டைப் பார்த்தா தெரியும். அக்காவும் இதுக்கு ஒத்துக்கிட்டாங்க. "எல்லாருக்கும்னா சரி தம்பி"ன்னாங்க.

'இன்ன சாதி வீட்டுச் சமையல்'னு பெருமையா போடலாமான்னு ஒரு வீட்டுல இருந்து கேட்டாங்க. அதுவும் கூடாதுன்னு சொல்லிட்டோம். இது புதுச் சண்டை இல்லை. 1957-ல சென்னை திருவல்லிக்கேணியில ஒரு ஓட்டல் பலகையில இருந்த 'பிராமணாள்'ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்தினார். சாமி விஷயத்துல பெரியார் மேல நமக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். ஆனா அவர் அன்னைக்குக் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்: ஊருக்கே சோறு விக்கிற இடத்துல பிறப்பை எதுக்கு எழுதி வைக்கணும்? அன்னைக்கு மரப்பலகை, இன்னைக்கு போன் திரை. வேற என்ன மாறியிருக்கு?

*ரெண்டு பேர் வெளிய போனாங்க*

புது விதி போட்ட அன்னைக்கே ரெண்டு பேர் குரூப்பை விட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் போகும்போது எழுதினார்: "என் வாய்க்குள்ள எது போகணும்னு முடிவு பண்றது என் உரிமை. நீங்க கட்டாயப்படுத்த முடியாது."

உண்மைதான். யாரையும் இதைத் தின்னுன்னு கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. அவர் நாக்கு அவருது. ஆனா அவர் ஒதுக்கிறதுக்கு வசதியா நாங்க ஒரு பட்டியல் போட்டுக் குடுக்கணும்னு அவர் கேக்க முடியாதே? குரூப் எல்லாருக்கும் பொது. ஒதுக்கிறதுக்கான கத்தியை நாங்க சாணை பிடிச்சுத் தர மாட்டோம். தீண்டாமையை ஒழிச்சாச்சுன்னு நம்ம அரசியல் சாசனத்தோட 17-வது பிரிவு சொல்லுது. அதை ஒரு வாட்ஸ்அப் குரூப்லகூட நடத்திக் காட்ட முடியலைன்னா வேற எங்க நடத்துறது?

பெரியவங்க விஷயம் இருக்கட்டும். 2023 செப்டம்பர்ல தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் பக்கத்துல உசிலம்பட்டிங்கிற கிராமத்துல என்ன நடந்துச்சு? அரசுப் பள்ளி காலை உணவைப் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைச்சாங்கன்னு பல பிள்ளைங்க சாப்பிடாம இருந்தாங்க. அப்புறம் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய், அந்தப் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. நம்ம மாவட்டத்துக்காரர் காமராஜர் 1950-கள்ல பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கி வச்சது இதே எட்டயபுரத்துலதான். பசியோட இருக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் வரட்டும்னு அவர் போட்ட சோறு. அதே மண்ணுல, இத்தனை வருஷம் கழிச்சு, ஒரு சின்னப் பிள்ளை முன்னாடி தட்டு இருந்தும் சாப்பிடாம இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் குடுத்தா? வீட்டுல நம்மள மாதிரி பெரியவங்கதான். சத்தமா பேசியிருக்கணும்னுகூட இல்லை. என் கால் சத்தம் இல்லாம திரும்பின மாதிரி யார் காலாவது திரும்பியிருக்கும். பிள்ளைங்க அதையும் பார்த்துக் கத்துக்கும்.

*முகவரியை எடுத்தா மனசு மாறுமா?*

மாறாது. இதை ஒளிக்காம ஒத்துக்கணும். முகவரியை எடுத்ததால அக்கா சமையலைச் சாப்பிடறவங்க, தெரியாமத்தான் சாப்பிடறாங்க. அக்காவுக்கு வருமானம் வருது. அது பெரிய விஷயம். பிள்ளைங்க பீஸ் அதுல இருக்கு. ஆனா சாப்பிடறவன் மனசுல ஒண்ணும் அசையல. நாளைக்குத் தெரிஞ்சா மறுபடி விலகினாலும் விலகுவான்.

அதனால ரெண்டு வேலை இருக்குன்னு நினைக்கிறேன். குரூப்போட வேலை ஒண்ணு, ஒவ்வொருத்தரோட வேலை ஒண்ணு. குரூப்போட வேலை, யார் வீடுன்னு சொல்லாம எல்லாருக்கும் ஒரே நியாயம் செய்யறது. என் வேலை, யார் வீடுன்னு தெரிஞ்சே போய்ச் சாப்பிடறது. விதி போட்டாச்சுன்னு நான் சும்மா இருந்துட்டா, என் பாவத்தை விதி பின்னாடி ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும்.

நம்ம சாமி கதையையே பாருங்களேன். வள்ளி திருமணம் நாடகம் நம்ம பக்கத்துல திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய நடக்கும். கந்தபுராணத்துல வர்ற கதைதான். தேவசேனாபதி, தேவலோகமே கை கட்டி நிக்கிற சாமி, கிழவன் வேஷம் போட்டுத் தினைப்புனத்துக்கு வர்றார். வேடர் குலத்துல வளர்ந்த பொண்ணுகிட்ட பசிக்குதுங்கிறார். அவ தேனும் தினைமாவும் குடுக்கிறா. வாங்கிச் சாப்பிட்டுட்டு தண்ணியும் கேக்கிறார். சின்ன வயசுல இருந்து அதை ஒரு காதல் கதையா, வேடிக்கையாத்தான் பார்த்தேன். இப்போதான் இன்னொண்ணு உறைச்சுது. சாமி யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாமலா கேட்டார்? தெரிஞ்சேதான் போய்க் கேட்டார். தெரிஞ்சே வாங்கிச் சாப்பிட்டார். இன்னைக்கும் அந்தத் தினைமாவும் தேனும்தான் நாம அவருக்குப் படைக்கிறோம். படைச்சிட்டு வந்து, ஊர்ல ஒரு அக்கா சமைச்ச சோத்துக்கு விலாசம் பார்த்தா, நாம கும்பிட்டது யாரை?

போன கார்த்திகை அன்னைக்கு, குரூப்ல ஆர்டர் போடாம, நேரா அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னேன். "அக்கா, ஒரு சாப்பாடு இருக்கா?"ன்னு கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஏன் வந்தேன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஒண்ணும் கேக்கல. திண்ணையில இலை போட்டாங்க. வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். தெருவுல போறவங்க வர்றவங்க பார்த்தாங்க. எனக்கு முதல் ரெண்டு கவளம் கூச்சமா இருந்துச்சு. பொய் சொல்லல. மூணாவது கவளத்துல பசி மட்டும்தான் இருந்துச்சு.

எழுந்திரிச்சு நூறு ரூபா குடுத்தேன். முப்பது ரூபாயை மீதி எண்ணிக் குடுத்தாங்க. "இருக்கட்டும் அக்கா"ன்னேன். "எதுக்கு தம்பி? சாப்பாடு எழுபதுதான்"ன்னாங்க.

அந்த முப்பது ரூபாயைக் கையில வச்சுக்கிட்டு வரும்போதுதான், ஆச்சி முதல்ல கேட்ட கேள்விக்கும் எனக்கு முழுசா பதில் கிடைச்சுது. நான் தானம் குடுக்கப் பார்த்தேன். அவங்க என்னைச் சமமா வச்சு, விலையை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. நான் ஏதோ பெரிசா செஞ்சுட்டேன்னு நினைச்சுட்டுப் போனேன். நான் செஞ்சது ஒரு மதியச் சாப்பாடு வாங்கினது, அவ்வளவுதான்.

சொந்தங்களே, அடுத்த தைப்பூசத்துக்கும் நடப்போம். பந்தல்ல உட்கார்ந்து சாப்பிடுவோம், யார் சமைச்சான்னு கேக்க மாட்டோம். மாலை கழட்டிட்டு ஊருக்குத் திரும்பினதும் நம்ம கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் கொஞ்சம் கவனிங்க. உங்க ஊர்லயும் இப்படி வீட்டுச் சாப்பாட்டு குரூப் தொடங்கினா, முதல் நாளே சமையல்கட்டைப் பத்தி எல்லாத்தையும் கேளுங்க. பிறப்பைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க, போடாதீங்க. அப்புறம் ஒரு நாள், தெரிஞ்சே போய் ஒரு இலையில உட்காருங்க.

நான் எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். சரின்னு பட்டா உங்க குரூப்லயும் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!